எம்சீல் திமில்

முதலிலேயே என் தரப்புச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிவிடுகிறேன். கால இயந்திரக் கதை எழுதிய ஹெச். ஜி. வெல்ஸ், நாற்பத்தைந்தைத் தாண்டிய வயதில் வீட்டுத் தரையில் முழங்கால் போட்டுத் தவழ்ந்து, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரத்துண்டைச் செருகிச் சுட்டு, எதிராளியின் ஈயச் சிப்பாய்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அதற்கு விதிமுறைகள் எழுதி 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாகவும் போட்டார். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன், 1880-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் தாவோஸுக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போனார். போன இடத்தில் மனைவியின் முந்தைய மணத்து மகனோடு தகரச் சிப்பாய்களை அணிவகுத்துப் போர் நடத்தினார். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் மன்னருக்கென்றே ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார்; அவர் மகன் அதை மெருகேற்ற, 1824-இல் ராணுவமே அதைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது.

ஆகவே சூரமங்கலத்தில், சேலம் ஜங்ஷன் ஹாரன் சத்தம் சமையலறை வரை கேட்கும் ஒரு வீட்டில், ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆள் படிக்கும் கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, இரண்டு அங்குலப் பீரங்கிக்குப் பெயிண்ட் அடிக்கிறான் என்றால், அவன் பெரிய மனிதர்கள் போட்ட பாதையில்தான் போகிறான். இதை நான் என் மனைவியிடம் ஆதாரத்தோடு எடுத்து வைத்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு குறுக்கு விசாரணைதான் செய்தாள்.

"ஏங்க, அவங்க வீட்லயும் ஜன்னல் கம்பி துருப்புடிச்சுக் கெடந்துச்சா?"

வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் இந்த மாதிரி விஷயங்களை எழுதுவதே இல்லை.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையில் பச்சைத் துணி விரித்து, அதற்கடியில் இரண்டு பழைய பஞ்சாங்கத்தைச் செருகினால் குன்று. இரு பக்கமும் படைகள். அங்குல டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும். சுட்டால் பகடை உருட்டி யார் விழுந்தார் என்று பார்க்க வேண்டும். சதுரங்கத்துக்குத் தூரத்து உறவு. ஆனால் கட்டங்கள் கிடையாது. ஆட்டம் ஒரு மாலையில் முடிந்துவிடும். அந்த ஒரு மாலைக்காகப் படை முழுவதற்கும் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் பையன் இரண்டு வகுப்பு தாண்டிவிடுவான். உண்மையில் இது போர் விளையாட்டே இல்லை, பெயிண்டர் வேலை. கூலி கிடையாது, டீயும் கேட்டால்தான் வரும்.

மேசை கிடைத்ததே ஒரு சமாதான உடன்படிக்கையால்தான். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். நம் சேலமும், பாராமகால் என்று அப்போது வழங்கிய கிருஷ்ணகிரிச் சீமையும் அதோடுதான் கும்பினிக்குக் கைமாறியது. மேற்கொண்டு மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், பிணையாக இரண்டு மகன்கள். எங்கள் வீட்டு ஷரத்துகள் இதைவிடக் கடுமை. சாப்பாட்டு மேசையில் ஜன்னல் பக்கத்துப் பாதி மட்டும் என்னுடையது. அதுவும் இரவு எட்டரைக்கு மேல், மாவு அரைக்கிற நாள் நீங்கலாக. டர்பென்டைன் வாடை சாம்பாரில் ஏறினால் ஒப்பந்தம் ரத்து. பிணையாக என் ஏடிஎம் கார்டு.

ஏன் திப்புவின் பீரங்கி என்றால், ஒரு காலத்தில் இந்த மண்ணே மைசூர் ராஜ்ஜியம்தானே. சங்ககிரி மலைக்கோட்டையையும் நாமக்கல் கோட்டையையும் பார்த்து வளர்ந்தவன் போய் நெப்போலியன் படைக்குப் பெயிண்ட் அடிப்பானேன்? தவிரவும் அந்தப் பீரங்கிகளின் அழகு வேறு. வெண்கலத்தில் வார்த்து, குண்டு வெளியே வருகிற வாயைப் புலி முகமாகவே செய்திருப்பார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது வெள்ளைக்காரர் கையில் சிக்கியவை தொள்ளாயிரத்துக்கும் மேல். அதில் சில புலிவாய்கள் வெற்றிச் சின்னமாகக் கப்பலேறின. அதன் குட்டி வடிவத்தை, வெள்ளீயக் கலவையில் வார்த்தது, நான் காசு அனுப்பி இங்கிலாந்திலிருந்தே தபாலில் வரவழைத்தேன். சுங்கவரியும் கட்டினேன். கோகினூரைத் திருப்பிக் கேட்கிறவர்கள் இந்த வழியையும் யோசித்துப் பார்க்கலாம். என்ன விலை என்று வீட்டில் கேட்டபோது, பவுண்டு கணக்கைப் பவுண்டிலேயே சொன்னேன். எண் சிறியதாக இருந்தது.

அச்சில் வார்த்த உருப்படிக்கு விளிம்பெல்லாம் பிசிறு இருக்கும். அதை அராவ நுண்ணிய அரம் வேண்டும். சேலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலைக்கான சாமான் விற்கிற கடையில் ஊசி மாதிரி அரங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. "பட்டறை எங்கங்க வெச்சிருக்கீங்க?" என்று கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார். "சூரமங்கலத்துல" என்று சொல்லி வைத்தேன். "எத்தனை ஆளுங்க?" என்றார். அன்றைக்கு மைசூர்க் காலாட்படையில் முப்பத்தாறு பேர் தேறியிருந்தார்கள். அதையே சொன்னேன். அன்றிலிருந்து மொத்த வியாபாரி விலைக்குத்தான் கொடுக்கிறார்.

பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமர் அடித்து, நிறம் ஏற்ற வேண்டும். பெயிண்ட் அடிக்கிறவர்களுக்குள் பெரிய சண்டையே நிறத்தில்தான். பிரெஞ்சுக்காரன் பீரங்கி வண்டி பச்சை, ஆஸ்திரியக்காரனுடையது காவி மஞ்சள், பிரிட்டிஷ் வண்டி சாம்பல், இரும்புப் பட்டைகள் கருப்பு. அந்தச் சாம்பல் எந்தச் சாம்பல் என்பதில் உலகம் முழுவதும் வயது வந்த ஆண்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு கட்டடப் பெயிண்டர் இருக்கிறார். பீரங்கியைக் காட்டி யோசனை கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கோட்டு போதுங்க. சதுர அடிக் கணக்குப் போட்டா எனக்குக் கட்டுப்படி ஆகாது" என்றார்.

வெண்கலத்தில்தான் நுணுக்கம் அதிகம். தங்க நிறத்தை அப்படியே பூசினால் கல்யாண மண்டபத்து அலங்காரத் தூண் ஆகிவிடும். முதலில் அடர் பழுப்பு. அதன்மேல் வெண்கல நிறம். காய்ந்ததும் தண்ணீர் மாதிரி கரைத்த கருஞ்சாயத்தை ஓட விட்டால், அது புலியின் பல் இடுக்கிலும் மீசைக் கோட்டிலும் போய்த் தங்கும். கடைசியாகப் பிரஷ்ஷில் பெயிண்டைத் தொட்டுத் துணியில் துடைத்து, ஏறக்குறைய ஒன்றும் இல்லாத பிரஷ்ஷால் மேடான இடங்களை மட்டும் தடவ வேண்டும். சட்டென்று வெயில் பட்ட உலோகம் கண்ணில் தெரியும். ஓரங்களில் கொஞ்சம் பச்சைக் களிம்பும் தொட்டு வைத்தேன். இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்து, இரண்டு நூற்றாண்டு மழை வெயில் பார்த்த பீரங்கி என்று நானே நம்பும் அளவுக்கு வந்திருந்தது.

காலையில் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பொங்கலுக்காக வீட்டு வெண்கலப் பானை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பி, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம்.

"என்னங்க இது இப்படிக் களிம்பேறிக் கெடக்கு? குடுங்க, இதோட சேத்துத் தேச்சுடறேன்."

ஒரே கூரையின் கீழ், ஒரே உலோகத்தின்மேல், ஒருத்தி எதை நீக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடுபடுகிறாளோ அதையே இன்னொருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உண்டாக்குகிறான் என்பதை அப்போதுதான் யோசித்தேன். பீரங்கியைப் பறித்துப் பீரோமேல் வைத்தேன்.

குண்டுகளுக்கு மட்டும் வெளிநாடு போகத் தேவையிருக்கவில்லை. 28 மில்லிமீட்டர் மனிதன் என்றால் அசலில் ஏறத்தாழ 56-இல் ஒரு பங்கு. 12 பவுண்டு இரும்புக் குண்டின் குறுக்களவு நாலரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 56-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர். உலகத்தில் இரண்டு மில்லிமீட்டர் உருண்டைகளை மூட்டை மூட்டையாகச் செய்கிற ஊர் எது? சேலம். 1981-இல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இங்கே ஜவ்வரிசி விற்றுக் கொடுக்கிறது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. விண்ணப்பத்தில் பீரங்கிக் குண்டு என்ற பயன்பாட்டை எழுதியிருக்க மாட்டார்கள். பொடி ஜவ்வரிசியாகப் பொறுக்கி, கோபுரமாக அடுக்கி, கருப்பு எனாமல் அடித்தால் அசல் குண்டுக் குவியல். எனாமல்தான் வேண்டும், தண்ணீரில் கரையும் பெயிண்ட் பட்டால் குண்டுகள் ஊறிப் பாயசத்துக்குத் தயாராகிவிடும்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாடு வந்தது.

பீரங்கி என்றால் அதை இழுக்க ஏதாவது வேண்டுமல்லவா? ஐரோப்பாவில் குதிரை, மைசூரில் மாடு. இரண்டு ஜோடி மாடுகள் தனியாக வாங்கியிருந்தேன். பெட்டியைப் பிரித்தால் நான்கும் சீமை மாடுகள். முதுகு பலகையாகத் தட்டை. திமில் இல்லை, கழுத்தில் தொங்குகிற அலைதாடி இல்லை, கொம்பு பக்கவாட்டில் குட்டையாக இருந்தது. செய்தவருக்குத் திமில் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. சமையலறைக் குழாய் ஒழுகுவதற்காக மனைவி வாங்கி வைத்திருந்த எம்சீல் பொட்டலம் கண்ணில் பட்டது. இரண்டு உருண்டையையும் சேர்த்துப் பிசைந்து, நான்கு திமில் வைத்தேன். குழாய் தொடர்ந்து ஒழுகியது. திமில்கள் கல்லாக இறுகின.

போகிக்கு முதல் நாள் மாமனார் வந்தார். மேச்சேரிப் பக்கம் விவசாயம். பரம்பரையாக மாடு கட்டியவர். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகாத வருஷம் கிடையாது. திப்பு காலத்தில் படைக்குக் குதிரை பிடித்த சந்தை அது என்று சொல்லிக்கொள்வார்கள். மாமனாரும் ஏதோ தானே உடனிருந்து விலை பேசிக் கொடுத்த மாதிரிதான் சொல்வார். பீரங்கியைக் காட்டினேன். "நல்லா இருக்குதுங்க" என்று ஒரு பார்வையோடு நகர்த்திவிட்டு மாட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை, இது என்ன மாடுங்க?"

"மைசூர் மாடு மாமா. திப்பு சுல்தான் படை."

"மைசூர் மாட்டுக்குக் கொம்பு இப்படி வராதுங்களே. உச்சி மண்டையில ரெண்டும் ஒட்டினாப்புல கெளம்பி, பின்னால போயி, மேல ஏறோணும். நுனி ஊசியாட்டம் இருக்கோணும். நீங்க வெச்சிருக்கிறது…" கொஞ்சம் நிறுத்தி, மருமகன் மனம் புண்படாத ஒரு வார்த்தையைத் தேடினார். "…கழுதைக்குப் பக்கமா இருக்குதுங்க."

நான் அவசரமாகக் காங்கேயம் என்று சொல்லிப் பார்த்தேன். "காங்கேயத்துக்குக் கொம்பு வெளிய விரிஞ்சு வட்டமா வளையும். அதுவுமில்ல. அப்பறம் எதுக்குச் செவப்பு அடிச்சிருக்கீங்க?" சிவப்பாவது சரியென்று படித்திருந்தேன், காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பு என்றேன். "ஆமாங்க, ஆறு மாசத்துல சாம்பலாயிரும். பால்குடி மறக்காத கன்னுக்குட்டியவா பீரங்கியில பூட்டினாரு திப்பு சுல்தான்?"

வண்டியையும் விடவில்லை. குடம் சிறுத்திருக்கிறது, வட்டை தடிமன் போதாது, அச்சு நுனியில் கடையாணி எங்கே, கடையாணி இல்லாமல் வாசல் தாண்டுவதற்குள் சக்கரம் கழன்று ஓடுமே, நுகத்தடிக்குப் பூட்டாங்கயிறு யார் போடுவது? அரசாங்கத்தின் மோட்டார் வாகன ஆய்வாளர்கூட இவ்வளவு கேட்டதில்லை. எல்லாம் நியாயமான கேள்விகள் என்பதுதான் கொடுமை.

அவர் தூங்கப் போன பிறகு புத்தகங்களைப் புரட்டினேன். அவர் பக்கமே சரித்திரம் சாய்ந்திருந்தது. மைசூர் உடையார்கள் வளர்த்து வைத்த மாட்டு மந்தைக்குத் தனி இலாகாவே உண்டு. அதற்கு அம்ரித் மகால் என்று பெயர் வைத்தவர் திப்பு. இரண்டாம் மைசூர்ப் போரில் சிதம்பரத்தைக் காப்பாற்ற ஹைதர் அலி இரண்டரை நாளில் நூறு மைல் வந்து சேர்ந்தது இந்த மாடுகளின் காலால்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் காரன்வாலிஸ் 1791-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல் வரை போய்விட்டார். கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கிகளும் கையில் இருந்தன. மழை பிடித்துக்கொண்டது, தீவனம் இல்லை, இழுக்கிற மாடுகள் நோயிலும் பட்டினியிலும் செத்து விழுந்தன. அவ்வளவு தூரம் இழுத்து வந்த பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். பெரிய பீரங்கி ஒன்றுக்குப் பத்துக் கணக்கில் மாடு பூட்டுவார்கள்; மேட்டில் முரண்டு பிடித்தால் பின்னாலிருந்து யானை நெற்றியால் முட்டித் தள்ளும். புலிவாய்க்குப் பச்சைக் களிம்பு தொட்டு வைக்க நான் செலவிட்ட இரவுகளை நினைத்துப் பார்த்தேன். திப்புவே வந்து பார்த்தாலும் முதலில் மாட்டைத்தான் பார்த்திருப்பார்.

மறுநாள் படை என் கையை விட்டுப் போனது. பழைய மோட்டார் காயில் கம்பியை வெட்டி, மாமனார் தானே கொம்பு வளைத்தார். உப்புத்தாளால் திமிலைத் தேய்த்துச் சரித்தார். திமில் நட்டமாக நிற்கக் கூடாதாம், நடக்கிற மாட்டுக்கு லேசாகச் சாயுமாம். இன்னொரு பொட்டலம் எம்சீலில் அலைதாடி. சாம்பல் நிறம் கலக்கும்போது தோளுக்கும் தொடைக்கும் கொஞ்சம் கருமை ஏற்றச் சொன்னார். நான் பிரஷ் கழுவிக் கொடுத்தேன். ஐந்து மணிக்கு மேல் என் பெயர் எடுபிடி. மனைவி டீ கொண்டுவந்தாள், கேட்காமலே, அவள் அப்பாவுக்கு. எனக்கும் அதில் பாதி கிடைத்தது. "ஆலாம்பாடிச் சாயல் வந்துருச்சுங்க" என்று அவர் சொன்னபோது, நான்கு வெள்ளீய மாடுகளும் காவிரிக் கரைக்குத் திரும்பிவிட்டன. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தன. போகியன்று மேசையில் என் பாதியைக் காலி செய்து தீயில் போடும் பட்டியல் தயாரானபோது, பெயிண்ட் டப்பாக்கள் தப்பித்தன என்றால் அதுவும் மாமனார் உபயம்.

ஆட்டத்துக்கு நாங்கள் குறித்த நாள் மாட்டுப் பொங்கல். எல்லாருக்கும் விடுமுறை. நான் திப்பு, பையன் கும்பினி, சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள். காலையில் எழுந்து பார்த்தால் என் படையின் எட்டுக் கொம்புகளும் பளபளவென்று சிவப்பும் நீலமும். தாத்தாவும் பேரனும் விடியற்காலையிலேயே உட்கார்ந்து அடித்திருக்கிறார்கள். கழுத்தில் நூல் மாலை. நெற்றியில் குண்டூசி முனையால் குங்குமம். பதினெட்டாம் நூற்றாண்டுத் துல்லியம் அத்தோடு முடிந்தது. நிறச் சேர்க்கை எந்தக் கட்சிக் கொடியையும் ஒத்திருக்கவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. என் பீரங்கி இடது ஓரத்தில். பையன் தன் படையை வலப்பக்கம் தோப்புக்குப் பின்னால் ஒளித்து நகர்த்திக்கொண்டிருந்தான். எனக்கு ஒரே வழி, பீரங்கியைப் பஞ்சாங்கக் குன்றின்மேல் ஏற்றிவிட வேண்டும். அங்கிருந்து சுட்டால் தோப்பே மிஞ்சாது. மாடு பூட்ட ஒரு முறை, நகர ஒரு முறை, இறக்கி வைக்க ஒரு முறை. மாடுகளை எடுத்து நுகத்தடிப் பக்கம் கொண்டுபோனேன்.

"என்னங்க மாப்பிள்ளை பண்றீங்க?"

"பூட்டறேன் மாமா. குன்று மேல ஏத்தணும்."

"மாட்டுப் பொங்கலன்னிக்கா?"

விதிப்புத்தகத்தைப் புரட்டிக் காட்டினேன். அதில் மழைக்கு விதி இருந்தது, சேற்றுக்கு விதி இருந்தது, மாடு மிரண்டால் என்ன செய்வது என்றும் இருந்தது. மாட்டுப் பொங்கலுக்கு இல்லை. "சுல்தானாவே இருக்கட்டுங்க, இன்னிக்கு மாட்டுத் தோள்ல நுகத்தடி வெக்கப்படாது" என்று அவர் நான்கையும் எடுத்துக் குடிதண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சமையலறையிலிருந்து, "அப்பா சொல்றது சரிதானுங்க" என்று மேல்முறையீட்டுக்கு முன்பே தீர்ப்பு வந்தது.

யானை நினைவுக்கு வந்தது. கொலுப் பெட்டியில் ஒரு மர யானை உண்டு. யானையைக் கொண்டு பின்னாலிருந்து தள்ளிக்கொள்கிறேன், சரித்திரத்தில் ஆதாரம் இருக்கிறது என்றேன். பையன் என் படைப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தான். "யானை உங்க லிஸ்ட்ல இல்லப்பா."

அடுத்த நான்கு முறையும் என் பீரங்கி நின்ற இடத்திலேயே நின்று, எதிரே யாருமே இல்லாத பச்சைத் துணியைப் பார்த்துக் கர்ஜித்தது. பகடையில் ஆறு ஆறாக விழுந்தது. சிவப்புக் கோட்டுக்காரர்கள் தோப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து, பீரங்கி, குண்டுக் குவியல், பீரங்கிக்காரர்கள் நால்வர் எல்லாவற்றையும் பிடித்தார்கள். பையன் எழுந்து போய்க் குடத்தடியிலிருந்த மாடுகளை நோக்கியும் கையை நீட்டினான். திப்பு போன பிறகு அம்ரித் மகால் மந்தையையும் பின்னாளில் கும்பினிதான் எடுத்துக்கொண்டது, நான் கொடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது என்றான். படிக்கக் கொடுத்தது நான்தான்.

"பீரங்கிய எடுத்துக்கோ சாமி, ஒங்கப்பனையும் வேணா கூட்டிட்டுப் போ" என்றார் மாமனார், நாற்காலியிலிருந்து எழாமலே. "மாட்டு மேல கைய வெச்சுறாத. இன்னும் பொங்கலே ஊட்டல."